கழுதையாரே, வணக்கம்!

மன்னார்த் தீவுக்கு முதன்முறையாக வருகின்றவர்கள் இரண்டு விடயங்களைப் பற்றிக் கேட்காமல் திரும்புவதில்லை. ஒன்று, பள்ளிமுனையில் பருத்த அடியுடன் நிற்கும் பெருக்கு மரம். மற்றையது, பஸ் நிலையத்திலும் கடைவாசல்களிலும் வீதியின் நடுவிலும் எவரையும் பொருட்படுத்தாது நிற்கும் கழுதைகள். இரண்டையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகவே இங்கு சொல்லப்படுகிறது. வணிகர்கள் போய்விட்டார்கள். மரமும் கழுதையும் எங்களோடு தங்கிவிட்டன.

தீவிலும் அதற்கு அப்பால் பெருநிலப்பரப்பில் உள்ள கிராமங்களிலும் பெண்களைச் சந்திப்பதே எனது வேலை. தூரக் கிராமங்களுக்கு பஸ்ஸில் போவேன். மற்றவற்றுக்கு சைக்கிள்தான். சைக்கிளில் போகும்போது வழியில் நிற்கும் ஆடு, மாடு, கழுதை, நாய், கொக்கு எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பழக்கம். “என்னடி, மேய்ஞ்சாச்சோ?” என்று மாட்டிடம் கேட்பேன். “கழுதையாரே, வணக்கம்” என்று கழுதைக்குச் சொல்வேன். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். “மிஸ்ஸுக்கு வேற ஆக்கள் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டவர்களும் உண்டு. சிரிப்புக்குரிய இந்தச் சின்னப் பழக்கத்துக்குள் எம்மைப் போன்ற பெண்களுக்குச் சொல்லவேண்டிய சில விடயங்கள் இருக்கின்றன என்று நினைப்பதால் இதனை எழுதுகிறேன்.

கேள்வியாக ஒரு வணக்கம்

“வணக்கம்” என்ற சொல்லை நாம் கூட்டங்களிலும் பாடசாலையிலும்தான் பயன்படுத்துகிறோம். அயல் வீட்டு அக்காவைக் கண்டு யாரும் “வணக்கம்” சொல்வதில்லை. “எங்க வெளிக்கிட்டாச்சு?” “சமையல் முடிஞ்சுதோ?” “என்ன, சுகமோ?” என்று கேட்போம். எமது ஊர்களில் முகமன் என்பது பெரும்பாலும் ஒரு கேள்விதான். பதில் முக்கியமில்லை. “இஞ்சதான், சும்மா” என்றால் போதும். உன்னைக் கண்டேன், நீ இருக்கிறாய் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள்.

போர்க்காலம் இந்த நல்ல கேள்வியை எம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. “எங்க போறது?” என்ற அதே கேள்வி சோதனைச்சாவடியில் துவக்குடன் நின்றவர்களின் வாயிலிருந்து வந்தது. 2006ஆம் ஆண்டுக்குப் பின்னர் நான் பாடசாலைக்குச் சென்ற காலத்தில், சாவடிக்கு முன்னால் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அடையாள அட்டையைக் காட்டவேண்டும். பையைத் திறக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் இன்னொரு அறிவுறுத்தலும் இருந்தது. “குனிஞ்ச தலை நிமிராமல் போ, ஒருத்தரையும் பாராதே.”

சாவடிகள் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் குனிந்த தலை பலருக்கு இன்னும் நிமிரவில்லை. வீதியில் எதிரே வரும் பெண்களைப் பாருங்கள். சைக்கிளின் முன் சில்லையே பார்த்துக்கொண்டு போகின்றவர்கள் எத்தனை பேர்! ஆணொருவரைப் பார்த்துச் சிரித்தால் கதை கட்டுவார்கள். தெரியாத பெண்ணைப் பார்த்துச் சிரித்தால் “ஆர் இவ?” என்பார்கள். கணவனை இழந்த பெண்ணென்றால் சொல்லவே வேண்டியதில்லை.

வீதியில் நிற்கும் மிருகங்களோ எதையும் விசாரிப்பதில்லை. அவை எங்கே போகிறாய் என்று கேட்பதுமில்லை, யாருடைய மனைவி என்று பார்ப்பதுமில்லை. ஒரு மாட்டைப் பார்த்துத் தலையசைப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதற்காகவேனும் தலை நிமிரவேண்டியிருக்கிறது. நிமிர்ந்த தலைக்கு வேலியில் பூத்த பூவரசம்பூவும் தெரியும், படலையில் நிற்கும் மனிதரும் தெரியும்.

சைக்கிளும் எங்கள் பெண்களும்

1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் வடக்கின் வாழ்க்கையே சைக்கிளில்தான் ஓடியது. எங்கள் தாய்மார் பிள்ளையை முன்னுக்கும் விறகைப் பின்னுக்கும் வைத்து உழக்கினார்கள். இடம்பெயர்வுகளின்போது வீட்டின் கடைசிப் பொருட்களைச் சுமந்ததும் சைக்கிள்தான். மோட்டார் சைக்கிள்கள் பெருகிய பின்னர் சைக்கிள் வறுமையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நாடு முழுவதும் மீண்டும் சைக்கிளைத் தேடியது. பழைய சைக்கிளுக்குக்கூட விலை ஏறியது. வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த தனது லுமாலாவைத் துடைத்து எண்ணெய் விட்ட ஒரு அக்கா, “இது என்ர பழைய சிநேகிதி, கோவிச்சுக்கொண்டு கிடந்தவ” என்றார்.

பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போகின்றவருக்கு மிருகங்கள் வெறும் காட்சி அல்லது இடைஞ்சல். சைக்கிளில் போகின்றவருக்கு மாட்டின் கண் தனது கண்ணின் உயரத்தில் இருக்கிறது. அதன் மூச்சு கேட்கிறது. சத்தமில்லாமல் போகும் வாகனம் ஆகையால் மிருகங்களும் பெரிதாக வெருளுவதில்லை. ஒரு சொல் சொல்லிப் போவதற்கு இதைவிட ஏற்ற வாகனம் இல்லை.

கழுதை என்று ஏசுவது ஏன்?

எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளை ஏசுவதற்குப் பயன்படும் சொற்களை எண்ணிப் பாருங்கள். கழுதை, எருமை, மாடு, பேட்டுக்கோழி! “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்ற பழமொழியும் உண்டு. அதே வேளை, கழுதை கத்தினால் நல்ல சகுனம் என்பார்கள். “என்னைப் பார், யோகம் வரும்” என்று எழுதிய கழுதைப் படத்தைக் கடையில் மாட்டுவார்கள். படத்துக்கு மரியாதை, உயிருள்ள கழுதைக்குக் கல்லெறி. பெண்ணைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டே அடிக்கின்ற வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கழுதையின் மீது சுமத்தப்படும் பெரிய குற்றம் பிடிவாதம். உண்மை என்னவெனில், குதிரை பயந்தால் ஓடும். கழுதை பயந்தால் நின்றுவிடும். முன்னால் இருப்பது என்ன, போனால் என்ன நடக்கும் என்று விளங்கும்வரை அது அசையாது. அடித்தால் பயம் கூடும், இன்னும் இறுகி நிற்கும். இதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம்.

இதை அறிந்த நாளிலிருந்து எமது துறையின் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் ஒரு வசனம் எனக்கு வேறு விதமாகத் தெரியத் தொடங்கியது. “பயனாளி ஒத்துழைக்கவில்லை” என்பதே அது. கூட்டத்துக்கு வரவில்லை, படிவம் நிரப்பவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று எழுதுவார்கள். எத்தனை தரம் பெயர் பதிந்தார்கள், எத்தனை பேர் வந்து படம் பிடித்தார்கள், அதனால் என்ன கிடைத்தது என்று கண்ட ஒரு பெண் நின்று யோசிப்பது பிடிவாதமா? அவர் தனது அனுபவத்திலிருந்து முன்னால் உள்ள பாதையை அளந்து பார்க்கிறார். அவ்வளவுதான்.

மன்னார்க் கழுதைகள் முன்னைய காலங்களில் பொதி சுமந்தவை. லொறியும் மோட்டார் வண்டியும் வந்த பின்னர் அவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. உரிமையாளர் இல்லை, கொட்டில் இல்லை. மழைக்காலத்தில் கடை விறாந்தைகளில் ஒதுங்குகின்றன. இரவில் தார் வீதியின் சூட்டுக்காக அதன் மேல் வந்து நிற்கின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன. உணவுப் பொதிகளோடு பிளாஸ்ரிக் பைகளையும் தின்று நோயுறுகின்றன. ஒரு பெண் கழுதை ஏறத்தாழ 12 மாதங்கள் குட்டியைச் சுமக்கிறது. அந்த நிலையிலும் அது வீதியில்தான் நிற்கவேண்டும். கழுதைகளுக்கென மன்னாரில் ஒரு சிகிச்சை, கல்வி நிலையம் உருவாக்கப்பட்டது நல்ல விடயம். விசேட தேவையுள்ள பிள்ளைகளை அமைதியான கழுதைகளோடு பழகவிடும் முயற்சியும் அங்கு நடந்தது.

கழுதையோடு பழக விரும்புவோருக்கு ஒரு சிறு குறிப்பு. அதற்கு நேர் பின்னாலும் மூக்கின் நேர் முன்னாலும் இருப்பது சரியாகத் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து கிட்டப் போகக்கூடாது, உதைக்கும். பக்கவாட்டில், தோள் இருக்கும் பக்கமாக, மெதுவாகக் கதைத்துக்கொண்டு போகவேண்டும். புறங்கையை நீட்டி மணக்க விடவேண்டும். காதுகள் எங்கள் பக்கம் திரும்பினால் அது கேட்கிறது. காதைப் பின்னால் மடித்தால் “இப்ப வேண்டாம்” என்று சொல்கிறது. அப்போது விலகிவிடுவதே மரியாதை. கழுதைகள் சோடியாக நட்புக்கொள்பவை என்பதால், இரண்டு நின்றால் இரண்டுக்கும் சொல்லிவிட்டுப் போவேன்.

ஆட்டுக்கும் பெயர் உண்டு

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வீதியால் மேற்கே போனால் தாராபுரம், எருக்கலம்பிட்டி ஆகிய முஸ்லிம் கிராமங்களுக்குப் பாதை பிரியும். இங்கு வெயிலுக்கு முன்னர் போய்ச் சேர்ந்தால் ஆடுகள் ஒழுங்கைகளில் வரிசையாக வரும். மறியாடுகள் முன்னால், குட்டிகள் துள்ளிக்கொண்டு பின்னால்.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பலர் வள்ளங்களில் கற்பிட்டி, புத்தளம் பக்கம் சேர்ந்தார்கள். வீட்டையும் நகையையும் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று இங்கு ஒரு உம்மா என்னிடம் சொன்னார். அவர் அப்போது சிறுமி. கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்ததாகவும், அது கடற்கரைவரை பின்னால் வந்ததாகவும் சொன்னார். திரும்பி வந்து குடியேறிய பின்னர் முதலில் வாங்கியது ஒரு மறிக் குட்டிதானாம். “பழைய ஆட்டுட பேரையே வெச்சேன்” என்றார்.

வாழ்வாதார உதவிப் பட்டியல்களில் ஆடு என்பது ஓர் எண்ணிக்கை. இரண்டு ஆடு, ஒரு கொட்டில், இத்தனை ரூபாய் என்று இருக்கும். வளர்க்கும் பெண்ணுக்கு அது பெயருள்ள உயிர். அவசரத்துக்கு விற்கக்கூடிய சேமிப்பும் அதுதான். 5 மாதச் சினைக்காலத்தைக் கொண்டு அடுத்த தவணைப் பாடசாலைச் செலவைக் கணக்கிடும் தாய்மாரை நான் அறிவேன். அவர்களுடைய வளவில் கால் வைத்ததும் கடன் அட்டையைப் பற்றிக் கேட்பதைவிட “கிடாய்க்குட்டி நல்லா வளர்ந்திட்டுது” என்று தொடங்குவது நல்லது. அந்த வீட்டில் நன்றாக நடக்கின்ற ஒரு விடயத்தை நாம் கண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கு விளங்கும். கடனைப் பற்றி அவர்களாகவே சொல்வார்கள்.

பள்ளிமுனை நாய்கள்

பள்ளிமுனையின் பெருக்கு மரம் உயரத்தால் அல்ல, பருமனால் பேர் பெற்றது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். பல பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்கலாம். அதன் நிழலில் பகல் முழுவதும் நாய்கள் படுத்திருக்கும். கரைவலைக்காரர் திரும்பும் நேரத்தில் அவையும் பூனைகளும் காகங்களும் கடற்கரைக்கு இடம் மாறும்.

எல்லா மிருகங்களுக்கும் கிட்டப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. நாயைப் பொறுத்தவரை கவனம் வேண்டும். சைக்கிளைத் துரத்தும் நாய்க்கு முன்னால் வேகமாக உழக்கினால் அது இன்னும் துரத்தும். வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை எமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை உற்றுப் பாராமல் மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால், கீறினால்கூட, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் நன்றாகக் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டு வீட்டில் இருப்பது உயிருக்கு ஆபத்து. விசர்நாய் நோய் வந்தபின் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். நேரத்துக்குப் போட்ட தடுப்பூசி காப்பாற்றும்.

விலகி நின்று சொல்லும் வணக்கம்

தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் பாதை ஏறத்தாழ 3 கிலோமீற்றர். போர்க்காலத்தில் பழைய பாலம் தகர்க்கப்பட்டது. இப்போது உள்ள புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இதில் சைக்கிள் ஓட்டுவது சாதாரண வேலையல்ல. காற்று பக்கவாட்டில் தள்ளும். சேலையைச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உழக்கவேண்டும். பலர் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள்.

வாடைக் காலத்தில் அதே பாதை வேறு முகம் காட்டும். இரு பக்கத்துச் சேற்று நீரிலும், தள்ளாடிக்கு அப்பால் வங்காலைப் பக்கமாகவும் பறவைகள் நிறைந்திருக்கும். வங்காலைச் சரணாலயம் 4839 ஹெக்டயர் பரப்புடையது. 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மத்திய ஆசியாவின் குளிரிலிருந்து தப்பி வரும் ஊசிவால் வாத்துகளும், நீண்ட கால்களுடன் பூநாரைகளும் இங்கு தங்கிப் போகின்றன. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது பூநாரைக் கூட்டம். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடித்து உண்ணும்.

இந்தப் பறவைகளுக்கு நான் சத்தமாக எதுவும் சொல்வதில்லை. அவை எழுந்து பறந்தால் வீணாகும் பலத்தை மீண்டும் பெறப் பல மணிநேரம் இரை தேடவேண்டும். படம் எடுப்பதற்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புகின்றவர்கள் இதனை அறியவேண்டும். விலகி நின்று, பார்த்துவிட்டு, பேசாமல் போவதும் ஒரு வணக்கம்தான்.

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட காற்றாலைத் தொகுதியில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. அதன் வலு 103.5 மெகாவாற். மின்சாரம் நாட்டுக்குத் தேவை. ஆனால் மேலும் காற்றாலைகள் அமைக்கும் திட்டங்களுக்கு மன்னார் மக்கள் பல தடவைகள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். பறவைகளின் பாதை, மழைவெள்ளம் வடிந்தோடும் வழி, கரைவலைத் தொழில் என்பன அவர்கள் முன்வைத்த காரணங்கள். வருடாவருடம் வந்துபோகும் விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே கவலை என்பதை அந்தக் கூட்டங்களில் நின்ற பெண்கள் நன்றாக விளங்கியிருந்தார்கள்.

குறி சுட்ட மாடு

தள்ளாடியைக் கடந்தால் திருக்கேதீச்சரம் ஒரு பக்கம், உயிலங்குளம், அடம்பன் மறுபக்கம். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அறுவடை முடிந்த வயல்களில் மாட்டுப் பட்டிகள் மேயும். மாட்டின் முதுகில் உண்ணிக் கொக்கு ஏறி நிற்கும். வாய்க்காலில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். எருமை எமனின் வாகனம் என்று முகம் திருப்புகின்றவர்கள் அதன் தயிரை வேண்டாம் என்பதில்லை.

2008இல் போர் இந்தப் பக்கமாக வந்தபோது மக்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு வடக்கே நகர்ந்தார்கள். வெள்ளாங்குளம், முழங்காவில், கிளிநொச்சி, பின்னர் முல்லைத்தீவுக் கரை என்று அவர்களது பாதை நீண்டது. முகாம்களிலிருந்து மீண்டும் வந்தபோது வீடு இல்லை. ஆனால் காட்டோரத்தில் சில மாடுகள் உரிமையாளர் இல்லாமல் பெருகி நின்றன. குறி சுட்ட அடையாளத்தைப் பார்த்துச் சிலர் தமது மாடுகளைக் கண்டுபிடித்தார்கள்.

இங்கு ஒரு அம்மா வசிக்கிறார். மகனை 2009இல் கடைசியாகக் கண்டவர். பல வருடங்களாகப் பலர் வந்து விபரம் கேட்டிருக்கிறார்கள். அவர் பெயரையும் திகதியையும் சொல்வார், அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. நான் போன அன்று அவரது படலையில் ஒரு சிவப்புப் பசு நின்றது. வழமைபோல் அதனிடம்தான் முதலில் கதைத்தேன். “என்ன சிவப்பி, வழி விடமாட்டியோ?” என்றேன். உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

“அவவின்ர பேர் உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார். நிறத்தைப் பார்த்துச் சொன்னேன் என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பசுவின் தாய், போகும்போது விட்டுப்போன 11 மாடுகளில் திரும்பக் கிடைத்த இரண்டில் ஒன்று. “ரெண்டு வருசத்துக்குப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டன். நிண்டு திரும்பிப் பாத்தது. தொடையில என்ர அவரின்ர குறி.” 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தபோது அந்தத் தாய்ப் பசுவும் போய்விட்டது. மகளை வீட்டுக்குள்ளே கட்டி, சாக்கால் போர்த்து, அடுப்பு மூட்டிக் காப்பாற்றினாராம்.

இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மாட்டுக்குக் குறி சுட்டனாங்கள், திரும்பி வந்தாத் தெரியும். பிள்ளைக்கு என்ன குறி இருக்கு பிள்ளை?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். “வலது முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு. மரத்தால விழுந்தவன். ஏழு தையல். முன்பல்லில ஒரு சின்ன உடைவு.”

காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய படிவங்களில் உடல் அடையாளங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அவருடைய படிவத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அன்று அது நிரம்பியது. 2018இல் மன்னார் நகர நுழைவாயிலில் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டபோது எத்தனையோ தாய்மார் அந்த வேலியருகே போய் நின்றார்கள். அவை சில நூற்றாண்டுகள் பழையவை என்று 2019இல் வந்த காபன் பரிசோதனை முடிவு சொன்னது. இந்த அம்மா அங்கு போகவில்லை. ஆனால் எங்கு எது கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்த விபரம் வேண்டும். தழும்பையும் பல்லையும் பற்றி எழுதிவைப்பது நம்பிக்கையைக் கைவிடுவது ஆகாது என்பதை, இதே நிலையில் உள்ள வாசகிகளுக்கும் சொல்ல விரும்புகிறேன். உயிரோடு தேடுவதற்கும் அந்த அடையாளங்கள் தேவைதான்.

ஒருவரையொருவர் காண்பது

நகரத்து மனிதர்கள் வீதியில் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்து, உடனே பார்வையை எடுத்துக்கொள்வதைப் பற்றி கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் வெளிவந்த தனது நூலில் எழுதியிருக்கிறார். அது அலட்சியம் அல்ல, நாகரிகம் என்பது அவர் கருத்து. நாயோடோ சிறு பிள்ளையோடோ போகின்றவருடன் தெரியாதவர்களும் இலகுவாகக் கதை தொடங்குவார்கள் என்றும் அவர் கவனித்தார். பல்கலைக்கழகத்தில் இதனைப் பரீட்சைக்காகப் படித்தோம். மன்னார் வீதிகளில் இதனைத் தினமும் காண்கிறேன். நேரே முகம் பார்த்துக் கேட்க முடியாததை, நடுவில் நிற்கும் ஒரு கழுதையைப் பார்த்துக் கேட்கலாம். நேரே சொல்ல முடியாததை மாட்டைத் தடவிக்கொண்டு சொல்லலாம்.

எமது போர் எமக்குக் கற்றுத் தந்த பெரிய பாடம் கண்டும் காணாமல் போவது. அது அப்போது உயிர் காத்தது. ஆனால் அயலில் ஒரு பெண் மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை என்பதையும் கண்டும் காணாமல் போகும் பழக்கமாக அது மாறிவிட்டால், யாருக்கு நன்மை? அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் விடமுடியாது. மனிதரிடம் தொடங்கப் பயமாக இருந்தால் மிருகத்திடம் தொடங்கலாம்.

நாளை சந்தைக்கோ, பிள்ளையைப் பாடசாலையில் விடவோ, வங்கிக்கோ போகும்போது, வழியில் நிற்கும் ஒரு உயிரைத் தலை நிமிர்த்திப் பார்த்து ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். யாராவது பார்த்துச் சிரித்தால் நல்லது, நீங்களும் சிரியுங்கள். கோடைகாலமென்றால் படலைக்கு வெளியே நிழலில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள், நுளம்பு பெருகாது. தண்ணீர் குடிக்க வரும் மாட்டின் பின்னால் அதைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரியும் வருவாள். அவளிடம் “எங்க வெளிக்கிட்டாச்சு?” என்று கேளுங்கள். பதிலுக்கு அவள் “சும்மா” என்று சொன்னாலும் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.